இரண்டு செங்கல் உயரம்

புதுக் குளியலறைக் கதவுக்கு அடித்த பச்சைச் சாயம் காய்ந்த மறுநாள் காலை, பாப்பா இடது கையில் கம்பை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து, கூடத்தையும் அடுப்படியையும் கடந்து அதன் வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். அவ்வளவு தூரம் வர அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அர்ச்சுனன் பின்னாலேயே வந்தானே தவிரப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று அவள் முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள்.

வாசலில் நின்று கீழே பார்த்தாள். படி இருந்தது.

பெரிய படி ஒன்றும் இல்லை. ஒரு செங்கல்லைப் படுக்க வைத்து, அதன் மேல் இன்னொன்றைப் படுக்க வைத்து, மேலே சிமெண்டு பூசி வழவழவென்று இழுத்துவிட்ட படி. பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்தில் தாண்டிவிடும். பாப்பா இடது காலைத் தூக்கப் பார்த்தாள். அதைத் தூக்கினால் உடம்பை வலது கால் தாங்க வேண்டும். அது தாங்கவில்லை. சரி, வலது காலையே முதலில் வைக்கலாம் என்றால், அது ஏழு மாதமாக அவள் சொல்லைக் கேட்பதில்லை.

"படி வெச்சிட்டாங்களே" என்றாள்.

"ம்" என்றான் அர்ச்சுனன்.

"படி வேணாம்னுதானே சொன்னோம்?"

"சொன்னோம்."

"சரி, தூக்குங்க" என்றாள் அவள். ஏழு மாதமாகத் தூக்குவது போலவே அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே விட்டான். தனக்குக் கோபம் வரும் என்று அர்ச்சுனன் காத்துக்கொண்டிருந்தான். வரவில்லை. நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவினாலும் அங்கே ஒன்றும் அகப்படாது போல இருந்தது. மணியைப் பார்த்தான். ஆறே கால். ஆறரைக்கு லாரி வந்துவிடும். கல்லு மலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகிற லாரி அது.

அந்த வருஷம் மாசி மாதம், சட்டி கழுவிக்கொண்டிருந்த பாப்பா சட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்றால் சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் இருபத்து நாலு நாள் கிடந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை, வலது கால் இரண்டும் வாதத்துக்குப் போயிருந்தன. பேச்சு மட்டும் திரும்பி வந்தது. கோப்பெங்கில் கட்டிக் கொடுத்த மகள் முத்தம்மா மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வாரத்துக்கு ஒருநாள் வந்து போவாள். மற்ற ஆறு நாளும் அர்ச்சுனன்தான்.

அந்த வீட்டுக்கு அவர்கள் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருவரும் பிறந்து, பால் மரம் வெட்டி, கல்யாணம் கட்டிக்கொண்ட ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது, பிறகு விளக்கு நின்றது. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அர்ச்சுனன் ஈப்போவுக்குத் தெற்கே சுண்ணாம்புக் கல் உடைக்கிற மலையில் வேலைக்குச் சேர்ந்து, அரசாங்கம் கட்டிய குறைந்த விலை வீட்டுக்கு மனுப் போட்டு வாங்கினான். முன்னால் கூடம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் வெட்டவெளியில் இரண்டு படி ஏறிப் போகிற கக்கூஸ். கால் நன்றாக இருந்த காலத்தில் அந்த இரண்டு படியும் யார் கண்ணுக்கும் தெரிந்ததில்லை.

வேலைக்குப் போகும்முன் அவன் கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு பெரிய கூஜாவில் ஊற்றிக் கட்டில் பக்கத்தில் வைப்பான். சாயங்காலம் நாலரைக்கு வந்து பார்த்தால் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடி இருக்கும்.

"குடிக்கலியா?"

"தாகமே இல்லீங்க."

இரண்டு மாதம் அவன் அதை நம்பினான். பிறகு ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். தண்ணீர் போகிற இடத்தில் புண், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அர்ச்சுனன் குவளையை நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குடிச்சா போவணும்ல? நீங்க மலைக்குப் போயிட்டா என்னை யாரு தூக்குவா? ரெண்டு தடவ பாவாடையோட போயிட்டேன். நானே தொவச்சுப் போட்டேன், ஒத்தக் கையால. ஒங்ககிட்ட சொல்லல."

அப்படித்தான் அடுப்படியோடு சேர்த்து ஒரு குளியலறையும் கக்கூசும் கட்டுவது என்று முடிவானது. பாப்பா தானாக நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. வேறு அலங்காரம் ஒன்றும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

வேலையைப் பத்துமலையிடம் கொடுத்தார்கள். பத்துமலைக்கு நாற்பது வயசு இருக்கும். அந்தத் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குப் பின்கட்டு நீட்டிக் கொடுத்தவன். மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒரு சிமெண்டு மூட்டையும் பின்னால் ஒரு ஆளுமாகத்தான் அவனைப் பார்க்க முடியும். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, கையால் சுவரைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணே. தரையோட தரையா போட்டுத் தாரேன். அக்கா தூங்கிக்கிட்டே நடந்து போவலாம்லா" என்றான். பாப்பாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. அர்ச்சுனன் மலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தான். பத்துமலையின் ஆள் சன்னாசி என்ற கொத்து வேலைக்காரர். வயசானவர். தனியாளாகத்தான் வருவார். முதல் நாள் அர்ச்சுனன் ஒரு நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தான். அவர் குனிந்து மணல் சலிக்கச் சலிக்க, இவனுக்கு முதுகு அரித்தது. ஒரு ஆள் வேலை செய்யும்போது இன்னொரு ஆள் உட்கார்ந்து பார்ப்பது என்பது தோட்டத்துத் துரைமாரும் கணக்கெழுதும் கிராணிமாரும் செய்கிற காரியம். இவன் பிறந்ததிலிருந்து அதைச் செய்ததில்லை. கால் மணி நேரத்தில் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

"வீட்டுக்காரரு எதுக்குங்க?" என்றார் சன்னாசி.

"சும்மாதானே இருக்கேன்" என்றான் இவன்.

அதற்குப் பிறகு சிமெண்டு குழைத்தது இவன். தண்ணீர் சுமந்தது இவன். செங்கல்லை நாலு நாலாக அடுக்கித் தூக்கிக் கொடுத்ததும் இவன்தான். மூன்றாம் நாளில் சன்னாசி, "அந்தக் கரண்டிய எடு," "இன்னும் கொஞ்சம் தண்ணி வுடு" என்று அதட்டிக் கேட்க ஆரம்பித்தார். இவனுக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. சொல்லப்போனால் அந்தப் பன்னிரண்டு நாளும் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. யாரோ சொல்கிறார்கள், கை செய்கிறது. யோசிக்க ஒன்றும் இல்லை.

நாலாவது நாள் பத்துமலை மோட்டாரில் வந்தான். இறங்கக்கூட இல்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு பின்சந்துச் சாக்கடையைப் பார்த்தான், உள்ளே பார்த்தான்.

"அண்ணே, பின்னாடி லோங்காங் மேல இருக்கு. தண்ணி ஓடாது. ரெண்டு கல்லு ஏத்தணும். சரிதானே?"

அர்ச்சுனன் தலையை ஆட்டினான். "சரிங்க."

பத்துமலை போய்விட்டான். லோங்காங் என்றால் பின்சந்துச் சாக்கடை என்பது அர்ச்சுனனுக்குத் தெரியும். கல் ஏற்றினால் தரை உயரும் என்பதும் ஒரு நிமிஷம் நின்று நினைத்திருந்தால் தெரிந்திருக்கும். நினைக்கவில்லை. தோட்டத்தில் விடியாத நேரத்துப் பெரட்டில் ஆள் கணக்குக்கு வரிசையாக நின்று, கிராணி பேரைப் படித்து, இன்னார் இந்த மலைக்கு, இன்னார் அந்த மலைக்கு என்று சொல்லும்போது தலையை ஆட்டித்தான் அவனுக்குப் பழக்கம். அது சரியா என்று யாரும் அங்கே கேட்டதில்லை. கேட்டாலும் பதிலுக்காகக் கேட்டதில்லை. பத்துமலை "சரிதானே" என்று கேட்டது நிஜமான கேள்வி என்பது அவன் காதில் ஏறவே இல்லை.

அன்று பிற்பகல் சன்னாசி "கல்லு" என்றார். இவன் தூக்கிக் கொடுத்தான். "இன்னொண்ணு" என்றார். அதையும் கொடுத்தான்.

வாசலில் பாப்பா நின்று கீழே பார்த்த அந்தக் காலையில்தான் அவனும் அதைப் படியாகப் பார்த்தான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. லாரியிலிருந்து புந்தோங்கிலேயே இறங்கிக்கொண்டு, பத்துமலை வழக்கமாக உட்காரும் கோப்பிக் கடைக்குப் போனான். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கட்டட வேலைக்காரர்கள், முழங்கை வரைக்கும் சிமெண்டு.

"வாங்கண்ணே, வாங்க! உக்காருங்க. ஏய், அண்ணனுக்கு ஒரு தே போடு" என்றான் பத்துமலை. "எப்படி பாத்ரூம்? அக்கா குளிச்சாச்சா?"

"படி இருக்கு தம்பி."

"ஆமா, இருக்கு."

"படி வேணாம்னு சொன்னேனுங்களே."

பத்துமலை கிளாசைக் கீழே வைத்தான். சண்டைக்கு வருகிற முகம் இல்லை. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பான்.

"அண்ணே, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. நாலாவது நாளு நான் வந்தேனா இல்லியா?"

"வந்தீங்க."

"லோங்காங் மேல இருக்கு, ரெண்டு கல்லு ஏத்தணும், சரிதானேன்னு கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்கன்னேன்."

"அந்த ரெண்டு கல்லயும் சன்னாசி கையில யாரு தூக்கிக் குடுத்தது?"

பக்கத்து ஆள் ஒருவன், "அடப்பாவி, கல்லு தூக்கிக் குடுத்தவரே கம்ப்ளேன் பண்ண வந்திருக்காருலா!" என்றான். மேசையே சிரித்தது. இன்னொருவன், "ஏண்ணே, நீங்க வீட்டுக்காரரா, இல்ல இவன்கிட்ட கூலிக்குச் சேந்துட்டீங்களா?" என்று கேட்டான். அதற்கும் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அர்ச்சுனனும் கொஞ்சம் சிரித்தான். தே வந்தது. குடித்தான். இனிப்பு அதிகம். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போனால் இன்றோடு இது முடிந்துவிடும், நாளையிலிருந்து தூக்கிவிட வேண்டியதுதான், ஏழு மாதம் தூக்கியது போல. அப்படி ஒன்றும் கனமானவளும் இல்லை அவள்.

கிளாசை வைத்துவிட்டு, "அவ தண்ணி குடிக்க மாட்டேங்கிறா தம்பி" என்றான்.

"என்னது?"

"நான் வேலைக்குப் போயிட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா. குடிச்சா போவணும். போனா யாராச்சும் தூக்கணும். அதுக்குத்தான் அந்தப் பாத்ரூம். வேற எதுக்கும் இல்ல."

சொன்ன பிறகு, இதையெல்லாம் கடையில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. சிரித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒருவன் சிகரெட்டைத் தேடினான்.

"இத ஏன் நீங்க மொதல்லயே சொல்லல?" என்றான் பத்துமலை. குரல் இறங்கிவிட்டது. "வயசாயிருச்சு, படி ஏற முடியலன்னுதானே நெனச்சேன். எங்கம்மாவும்தான் படி ஏற முடியலங்குது, தினமும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு." கிளாசை நகர்த்தி வைத்து, "நாளைக்குக் காலையில வாரேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பத்துமலை வந்தான். அவனுக்கு முன்பே துரைசிங்கம் வந்து நின்றார். துரைசிங்கம் பொதுப்பணி இலாகாவில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். தாமானின் முன் வரிசையில் பெரிய வீட்டில் இருக்கிறார். யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் அவரிடம்தான் போவார்கள். அவர் பக்கத்தில் இருந்தால் பத்துமலை மறுபேச்சுப் பேச மாட்டான் என்று முந்தின சாயங்காலம் அர்ச்சுனனே போய்க் கேட்டிருந்தான். இடுப்பில் தோல் வார் கட்டி, கையில் மட்டம் பார்க்கிற நீளமான கண்ணாடி ரப்பர் குழாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பிழை ஆரில எண்டு பிறகு கதைப்பம்" என்றார். "முதல்ல தண்ணி என்ன சொல்லுது எண்டு பாப்பம். தண்ணி பொய் சொல்லாது."

குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குளியலறைச் சுவரோடு பத்துமலை பிடித்துக்கொண்டான். மறு முனையை அர்ச்சுனன் பின்சந்துச் சாக்கடை ஓரத்தில் பிடித்தான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நின்றது. அங்கே ஒரு கோடு, இங்கே ஒரு கோடு. துரைசிங்கம் மடக்கு அளவுகோலை விரித்து இரண்டையும் அளந்து, சிகரெட்டுப் பெட்டியின் பின்பக்கம் எழுதினார். மறுபடியும் அளந்தார்.

"அர்ச்சுனன், நீர் கோவிக்கக் கூடாது" என்றார். "சாக்கடை உம்மட அடுப்படித் தரையிலும் பாக்க மேலதான் கிடக்கு. இவர் அந்தக் கல்லை வைக்காமல் விட்டிருந்தால் மழைக்குச் சாக்கடைத் தண்ணி முழுக்க உம்மட வீட்டுக்குள்ள வந்திருக்கும். படி வேணும்."

பத்துமலை ஜெயித்த முகம் காட்டவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு விட்டு எடுத்தான்.

"ஆனா ஒண்டு பத்துமலை" என்றார் அவர். "நீர் இதை முதல் நாள் அளந்திருக்க வேணும். தரையோட தரையாய் எண்டு வாய்க்கு வந்தபடி சொல்லிப்போட்டு, நாலாம் நாள் மோட்டார் சைக்கிள்ல இருந்து கொண்டு கேக்கிறதோ?"

"அது தப்புத்தான் சார்."

"நானும் தலைய ஆட்டிட்டேனுங்க" என்றான் அர்ச்சுனன்.

"ஓம், அதுவும்தான்."

படிக்கு முன்னால் சிமெண்டில் ஒரு சரிவு போடலாமா என்று பத்துமலை கேட்டான். துரைசிங்கம் தரையில் காலடி வைத்து அளந்தார். கம்பு ஊன்றி நடக்கிற ஆள் ஏற வேண்டும் என்றால் சரிவு எட்டு அடிக்குக் குறையக் கூடாது, அடுப்படியே ஒன்பது அடி, அடுப்பைத் தூக்கித் தலையில்தான் வைக்க வேண்டும் என்றார். குட்டையாகப் போட்டால் ஈரத்தில் வழுக்கும். வழுக்கினால் இடுப்பு போகும்.

"அப்ப அடுப்படி முழுக்க ஏத்திடலாம்" என்றான் பத்துமலை. "பாத்ரூம் ஒசரத்துக்கு அடுப்படித் தரையைக் கொண்டாந்துட்டா படி போயிரும்."

"போகாது" என்றார் துரைசிங்கம். "கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில வந்து நிக்கும். படி எங்கயாவது நிண்டுதான் ஆகும்."

"அப்ப கூடத்தையும் ஏத்துனா?"

"கூடத்தை ஏத்தினால் கூரை தலையில இடிக்கும். முன்வாசல்ல வேற படி வரும்."

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அர்ச்சுனனுக்கு எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு சுவர் வந்து நின்றது. அதில் அவனுக்கு ஆச்சரியமும் இல்லை.

"என்னைக் கேட்டீங்களா யாராச்சும்?"

பாப்பாதான். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நடக்கப்போறது நானு. ரெண்டு வாரமா கல்லும் மண்ணுமா வந்து போறீங்க, ஒரு ஆளாவது, ஏம்மா ஒனக்கு எப்படி வேணும்னு கேட்டீங்களா?"

பத்துமலை, "சொல்லுங்கக்கா" என்றான்.

"அடுப்படிய ஏத்துங்க. படி கூடத்துப் பக்கம் வரட்டும். என் கட்டிலத் தூக்கி அடுப்படியில போடுங்க. நான் அங்கனேயே படுத்துக்கிறேன்."

"அடுப்படியிலயா?" என்றான் அர்ச்சுனன்.

"ஆமா. சமைக்கிறது அங்க, சாப்பிடுறது அங்க, போறது அங்க. கூடத்துல எனக்கு என்ன வேலை? டிவிதானே? அது அங்கன கேக்கும். பாக்காட்டி என்ன?"

"வாரவங்க போறவங்க..."

"வாரவங்க படி ஏறி வரட்டும். அவங்களுக்குக் கால் இருக்குல்ல?"

துரைசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கெட்டிக்காரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயிலிருந்த தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றினார்.

அர்ச்சுனன் பாப்பாவைப் பார்த்தான். அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினான். தேங்காய் வாங்கி வரச் சொல்கிறவளைப் போலத்தான் இருந்தாள். எட்டு அங்குல உயரத்துக்காக வீட்டில் பாதியை விட்டுக் கொடுக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததே ஒழிய வலிக்கவில்லை. மரத்துப்போன காலில் முள் குத்தினால் குத்தியது தெரியும், அவ்வளவுதான், அது போல.

சிமெண்டுச் செலவு அர்ச்சுனனுடையது, கூலிச் செலவு பத்துமலையுடையது என்று பேச்சு முடிந்தது. அதில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தரையை நிரப்ப மலையிலிருந்து கல் தூள் கொண்டுவர முடியுமா என்று மேற்பார்வைக்காரரிடம் அர்ச்சுனன் கேட்டான். அங்கே மலை மலையாகக் குவிந்து கிடக்கிற தூள்தான். "வீட்டுக்கா? எடுத்துக்கோலா" என்று அவர் லாரியை அனுப்பினார். அது வெள்ளைத் தூளைப் பின்சந்து நிறையக் கொட்டியது. அடுப்பு, மேசை, பாத்திர அலமாரி எல்லாம் ஐந்து நாள் கூடத்தில் கிடந்தன. பாப்பா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். முத்தம்மா வந்தவள், "என்னம்மா, சந்தைக் கடை மாதிரி உக்காந்திருக்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். "அழுவுறதா இருந்தா அந்தப் பக்கம் போ, வெங்காயம்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றாள் பாப்பா.

சன்னாசி வந்தார். இந்தத் தடவையும் அர்ச்சுனன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தூள் வாரினான், தண்ணீர் தெளித்தான், தரை இறுகத் திமிசு பிடித்துக் குத்தினான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பாப்பாவைக் கைத்தாங்கலாகப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினான். அவள் கம்பால் தட்டிப் பார்ப்பாள். "இந்த மூலையில பள்ளமா இருக்கு" என்பாள். சன்னாசி முணுமுணுத்துக்கொண்டே அந்த மூலையை மறுபடி இழுப்பார். "அப்பவே இந்தம்மாவ மேஸ்திரியா வெச்சிருந்தா ஒரு வேலை மிச்சம்" என்று ஒருநாள் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமான்களைத் திரும்ப அடுப்படிக்கு ஏற்றினார்கள். அடுப்பு ஒரு சுவரோரம், கட்டில் எதிர்ச் சுவரோரம், நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. சன்னலைத் திறந்தால் பின்சந்து தெரிந்தது. கூடத்தில் கட்டில் கிடந்த இடம் மட்டும் தூசி படாமல் நீளமாகத் தெரிந்தது. அர்ச்சுனன் அதைத் துடைப்பத்தால் கூட்டினான். கூட்டிய பிறகும் அந்த இடம் தனியாகத் தெரிந்தது. பெட்டி ஒன்றை நகர்த்தி அதன் மேல் வைத்தான்.

பத்துமலை மிச்ச மூட்டையை எடுக்க வந்திருந்தான். மோட்டாரை நிறுத்தாமல் பின்வாசலில் உறுமவிட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, சரிதானே? நான் காம்பாருக்குப் போவணும், ஒரு ஆளு காத்துக்கிட்டு இருக்கான்."

பாப்பா கட்டிலிலிருந்து எழுந்தாள். கம்பை ஊன்றினாள். இடது கால், பிறகு இழுபட்டு வலது கால். அடுப்பைத் தாண்டினாள். பச்சைக் கதவு வந்தது. காலுக்கு ஒன்றும் தட்டவில்லை. உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். கொஞ்சம் தடுமாறி, பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ஏழு மாதத்துக்கு மேலாக அவள் போகும்போது கதவைச் சாத்தியதில்லை. அவன் வெளியே நின்று முதுகைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான்.

"அதான் போயிட்டாங்களே. சரிதானேண்ணே?" என்றான் பத்துமலை.

அர்ச்சுனனின் கழுத்து அசையப் பார்த்தது. அசையவிடவில்லை.

"இரு" என்றான்.

"என்னண்ணே?"

"மோட்டார அடச்சிட்டு இரு. அவ வெளிய வரட்டும். அவ சொல்லட்டும்."

பத்துமலை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கையைத் திருப்பி மணி பார்த்தான். பிறகு சாவியைத் திருகினான். சத்தம் நின்றது. இருவரும் பின்வாசலில் நின்றார்கள். உள்ளே குவளை வாளியில் இடித்தது. தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. அவள் அவசரப்படவில்லை. பத்துமலை ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். காம்பார் ஆளைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை.

தாழ்ப்பாள் விலகிக் கதவு திறந்தது. பாப்பாவின் முகமும் முன்முடியும் நனைந்திருந்தன. சேலை முந்தானை தோளில் ஈரமாகத் தொங்கியது.

"துணி மாட்ட ஒரு ஆணிகூட இல்ல" என்றாள். "கீழ வெச்சா நனையுது, தோள்ல போட்டா வழுக்குது. என்ன வேலை இது?"

பத்துமலை பழக்கத்தில் அர்ச்சுனனைப் பார்த்தான். அர்ச்சுனன் அவனைப் பார்க்காமல் பாப்பாவைப் பார்த்தான். பத்துமலை மோட்டார்ப் பெட்டியைத் திறந்து சுத்தியலையும் இரண்டு ஆணியையும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். ஆணியைத் தன் தலை உயரத்துக்குச் சுவரில் வைத்தான்.

"இங்கயாக்கா?"

பாப்பா இடது கையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"கீழ."

"இங்க?"

"இன்னும் கீழ."